ஒழுங்கற்ற வடிவத்துக்குள் படத்தை வெட்டி வரையும்போது விளிம்பில் தெரியும் மயிரிழைக் கோடு

கேள்வி

வணக்கம். உலாவியில் இயங்கும் ஜிக்சா புதிர் ஒன்றை, இணையப் பக்கத்தில் நிரல் மூலம் படம் வரைய உதவும் கேன்வாஸ் 2டி கொண்டு எழுதிவருகிறேன். ஒரு நிழற்படத்தை 10 வரிசை, 10 நிரல் என 100 துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் பக்கங்களிலும் குமிழோ பள்ளமோ இருப்பதால், துண்டின் வெளிக்கோடு பெசியே வளைவுகளும் நேர்க்கோடுகளும் கலந்த ஓர் ஒழுங்கற்ற வடிவமாக அமைகிறது. அந்த வெளிக்கோட்டைப் பாதையாக அமைத்து, வரைவதை அந்தப் பாதைக்குள் கட்டுப்படுத்தும் ‘கிளிப்’ செயற்கூற்றை அழைத்து, அதன்பின் முழு நிழற்படத்தையும் ‘டிராஇமேஜ்’ மூலம் வரைவதே நான் பின்பற்றும் முறை.

முதல் துண்டு சரியாக வருகிறது. இரண்டாவது துண்டிலிருந்து எதுவுமே திரையில் தோன்றுவதில்லை. பாதையில்தான் பிழை என்று கருதி, ஒவ்வொரு பாதையையும் கோடாக வரைந்து பார்த்தேன். எல்லாம் உரிய இடத்தில்தான் இருக்கின்றன. இரண்டு துண்டுகளுக்கு இடையில் கேன்வாஸ் முழுவதையும் அடக்கும் செவ்வகம் ஒன்றை அமைத்து மீண்டும் ‘கிளிப்’ அழைத்தால் பழைய கட்டுப்பாடு நீங்கிவிடும் என்று எண்ணினேன். அதுவும் பலிக்கவில்லை. கேன்வாஸின் அகலத்துக்கு அதே மதிப்பை மறுபடி கொடுத்தால் கட்டுப்பாடு நீங்குகிறது, ஆனால் அதுவரை வரைந்தது அனைத்தும் அழிந்துபோகிறது.

இதற்கிடையே, அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை இரண்டு தனிக் கேன்வாஸ்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது வேறொரு சிக்கல் தென்பட்டது. துண்டுகள் சேரும் இடத்தில் பின்னணியின் கரும்பச்சை மயிரிழைபோல் கசிகிறது. இரண்டு துண்டுகளும் பொது விளிம்புக்கு ஒரே எண்களைத்தான் பயன்படுத்துகின்றன; தசமப்புள்ளி வரை ஒப்பிட்டுவிட்டேன். விந்தை என்னவென்றால், விளிம்பின் நேரான பகுதிகளில் இந்தக் கோடு தெரிவதில்லை, குமிழின் வளைவைச் சுற்றி மட்டுமே தெரிகிறது. ‘இமேஜ்ஸ்மூதிங்எனேபிள்ட்’ பண்பை அணைத்துப் பார்த்தும் மாற்றமில்லை.

மூன்றாவதாக ஒன்று. சில துண்டுகளின் நடுவில் வட்டத் துளை வேண்டும். அந்தத் துளையில் வேறொரு சிறு துண்டு வந்து பொருந்தும். வெளிக்கோட்டையும் வட்டத்தையும் ஒரே பாதையில் சேர்த்தும் துளை விழவில்லை, வட்டத்துக்குள்ளும் படம் நிரம்பிவிடுகிறது. இம்மூன்றுக்கும் காரணம் ஒன்றா, வெவ்வேறா என்பதை விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

மூன்றும் வெவ்வேறு காரணங்கள். முதலாவதையும் மூன்றாவதையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

‘கிளிப்’ என்பது வெட்டுப்பகுதியைப் புதிதாக நிறுவுவதில்லை. ஏற்கெனவே உள்ள வெட்டுப்பகுதிக்கும் நீங்கள் கொடுக்கும் பாதைக்கும் பொதுவான பகுதியை மட்டும் எஞ்சவிடுகிறது. தொடக்கத்தில் கேன்வாஸ் முழுவதும் வெட்டுப்பகுதி. முதல் துண்டுக்குப் பிறகு அது அந்தத் துண்டின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டாவது துண்டு அதற்கு வெளியே இருப்பதால் பொதுப்பகுதி வெறுமை, ஆகவே எதை வரைந்தாலும் தெரியாது. பெரிய செவ்வகத்தைக் கொடுத்தாலும், சிறியதும் பெரியதும் சந்திக்கும் இடம் சிறியதாகத்தானே இருக்கும்? வெட்டுப்பகுதி சுருங்கும், ஒருபோதும் விரியாது. இந்த ஏற்பாடு கேன்வாஸின் கண்டுபிடிப்பு அன்று; அடோபி 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியிலேயே ‘கிளிப்’ இப்படித்தான் இயங்கியது. படத்தின் ஒரு பகுதியை வரையும் துணைச்செயல், தன்னை அழைத்தவர் விதித்த எல்லையை மீறிவிடக் கூடாது என்பதே இதன் பயன்.

பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால், சுருக்குவதற்கு முன் ‘சேவ்’, வரைந்து முடித்தபின் ‘ரெஸ்டோர்’. ஒவ்வொரு துண்டுக்கும் இந்த இணை தேவை. துண்டு தொடங்கும்போது, புதிய பாதையைத் தொடங்கும் ‘பிகின்பாத்’ அழைக்கத் தவறாதீர்கள், ஏனெனில் ‘ரெஸ்டோர்’ வெட்டுப்பகுதியையும் உருமாற்றத்தையும் வண்ணங்களையும் மீட்கிறதே தவிர, நடப்புப் பாதையைத் தொடுவதில்லை. பழைய பாதையின் எச்சம் அடுத்த துண்டோடு ஒட்டிக்கொண்டு, முந்தைய துண்டும் சேர்ந்து மறுபடி வரையப்படும் பிழையை நான் இருமுறை சந்தித்திருக்கிறேன். ‘பாத்2டி’ பொருளாகப் பாதைகளைச் சேமித்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இராது. அகலத்தை மறுபடி கொடுக்கும் உத்தியை விட்டுவிடுங்கள். அது நிலைகள் அனைத்தையும் படத்தோடு சேர்த்துத் துடைத்துவிடும் செயல்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துவிடுகிறேன், அடுத்து அங்கேதான் நீங்கள் தடுக்கி விழுவீர்கள். வெட்டுப்பகுதி ‘கிளிப்’ அழைக்கும் அந்தக் கணத்தில் நடப்பில் உள்ள உருமாற்றத்தின்படி நிலைத்துவிடுகிறது. அதன்பின் ‘டிரான்ஸ்லேட்’ செய்தாலும் ‘ரொட்டேட்’ செய்தாலும் வரையப்படும் படம்தான் நகரும், வெட்டுப்பகுதி அசையாது. இழுக்கப்படும் துண்டுக்கு முதலில் நகர்த்தல், பிறகு வெட்டு என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

துளைக்கு வருவோம். ஒரு புள்ளி உள்ளேயா வெளியேயா என்பதைக் கேன்வாஸ் இயல்பாக ‘நான்ஜீரோ’ விதியால் முடிவு செய்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து ஏதாவதொரு திசையில் ஒரு கதிரை நீட்டி, அதை இடமிருந்து வலமாகக் கடக்கும் விளிம்புக்கு ஒன்று கூட்டி, வலமிருந்து இடமாகக் கடக்கும் விளிம்புக்கு ஒன்று கழித்து, விடை பூச்சியம் அல்லாவிட்டால் புள்ளி உள்ளே என்று கொள்வது அந்த விதி. உங்கள் வெளிக்கோடும் வட்டமும் ஒரே திசையில் சுற்றுவதால் வட்டத்துக்குள் விடை 2 வருகிறது. ‘ஆர்க்’ செயற்கூற்றின் கடைசி அளபுருவை மாற்றி வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றவிட்டால் விடை பூச்சியமாகித் துளை விழும். திசையைப் பற்றிக் கவலைப்பட விரும்பவில்லையெனில் ‘கிளிப்’ அழைக்கும்போது ‘இவன்ஆட்’ என்று குறிப்பிடுங்கள்; திசையைப் பார்க்காமல், கதிர் கடக்கும் விளிம்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் உள்ளே, இரட்டைப்படையானால் வெளியே என்று கொள்ளும் விதி அது. ஒரு வடிவத்துக்கு உள்ளே அல்லாமல் வெளியே மட்டும் வரைய வேண்டிய நிலையிலும் இதுவே வழி: கேன்வாஸ் முழுவதற்குமான செவ்வகத்தையும் அந்த வடிவத்தையும் ஒரே பாதையில் சேர்த்து ‘இவன்ஆட்’ கொடுத்தால், வடிவம் துளையாகிவிடும்.

மயிரிழைக் கோட்டுக்குத் துண்டுகளை அரைப் பிக்சல் பெரிதாக்கிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் சரியானது. கடைசி இரண்டு வரிகள் மட்டும் நோய் எது என்று சொல்லாமல் மருந்தை எழுதிக் கொடுப்பவை. வளைவில் தெரியும் கோடு நேர்க்கோட்டில் ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கவனித்திருக்கிறீர்களே, விடை அந்தக் கவனிப்பிலேயே இருக்கிறது.

வளைவான விளிம்பு ஒரு பிக்சலின் குறுக்கே செல்லும்போது, அந்தப் பிக்சலின் எத்தனை பங்கு வடிவத்துக்குள் அடங்குகிறது என்று கணக்கிட்டு, அந்த விகிதத்தில் வண்ணத்தைக் கலப்பதே விளிம்பு மழமழப்பாகத் தெரிவதற்குக் காரணம். இதைத்தான் ஆன்டி-ஏலியாசிங் என்கிறோம். இப்போது இரண்டு துண்டுகளும் பகிர்ந்துகொள்ளும் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். இடத்துண்டுக்குப் பாதி, வலத்துண்டுக்குப் பாதி. இடத்துண்டை வரைந்ததும் அதன் வண்ணம் 50 விழுக்காடு, பச்சை 50 விழுக்காடு. அதன்மேல் வலத்துண்டை வரைந்தால், அது தன் 50 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே இருந்த கலவையைப் பாதியாக்குகிறது. முடிவில் வலத்துண்டு 50, இடத்துண்டு 25, பச்சை 25. வடிவியல்படி அந்தப் பிக்சலில் பச்சைக்கு இடமே இல்லை. ஆனால் “பாதி நிரம்பியது” என்ற எண் மட்டும்தான் கலக்கும் செயலுக்குத் தெரியும், எந்தப் பாதி என்பது தெரியாது. உங்கள் துண்டுகளின் நேரான பக்கங்கள் முழு எண் ஆயத்தொலைவுகளில் அமைந்திருக்க வேண்டும். அங்கே விளிம்பு இரு பிக்சல்களுக்கு நடுவே துல்லியமாக விழுவதால் பாதி நிரம்பிய பிக்சலே தோன்றுவதில்லை. பக்கத்தை 0.5 நகர்த்திப் பாருங்கள், அங்கேயும் பச்சை எட்டிப் பார்க்கும்.

‘இமேஜ்ஸ்மூதிங்எனேபிள்ட்’ என்பது படத்தைப் பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் பிக்சல்களை எப்படி இடைக்கணிப்பது என்பதைப் பற்றியது. பாதையின் விளிம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை, பாதை விளிம்பின் மழமழப்பை அணைக்கும் விசை எதுவும் கேன்வாஸ் 2டி-யில் கிடையாது.

இனித் தீர்வு. பொருந்திவிட்ட துண்டுகளைத் தனித்தனியாக வெட்டி வரையும் தேவை என்ன? அவற்றின் பாதைகளை ‘ஆட்பாத்’ மூலம் ஒரே ‘பாத்2டி’ பொருளில் துணைப்பாதைகளாகச் சேர்த்து, ஒரே முறை வெட்டி, படத்தையும் ஒரே முறை வரையுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் சுற்றுமாறு அமைந்திருந்தால், பொது விளிம்பை ஒரு துண்டு மேலிருந்து கீழாகவும் மற்றொன்று கீழிருந்து மேலாகவும் கடக்கும், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து அந்தப் பிக்சல் முழுமையாக நிரம்பும். கலப்பது ஒரு தடவைதான் என்பதால் பச்சை நுழைய வாய்ப்பில்லை.

துண்டுகளைத் தனித்தனியாகவே வரைய வேண்டிய கட்டாயம் இருந்தால் வேறொரு வழியும் உண்டு. முற்றிலும் ஒளிபுகும் வெறுமையான மறைதிரைக் கேன்வாஸ் (திரையில் காட்டப்படாத கேன்வாஸ்) ஒன்றில், புதிதாக வரைவது பழையதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ‘குளோபல்காம்போசிட்ஆபரேஷன்’ பண்பை ‘லைட்டர்’ என்று வைத்துத் துண்டுகளை வரையுங்கள். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் ‘பிளஸ்’ என்று குறித்த செயல் இதுவே: மறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுகிறது. 50-உம் 50-உம் சேர்ந்து 100 ஆகிவிடும்; பிறகு அந்தத் திரையைப் பச்சைப் பின்னணியின்மேல் வைத்தால் கசிவு இல்லை. ஆனால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் வண்ணங்கள் கூடி வெளுத்துப்போகும், ஆகவே பொருந்திய துண்டுகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

அரைப் பிக்சல் பெரிதாக்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. பலர் கையாளும் வழிதான், கண்ணுக்கும் தெரியாது. துளையுள்ள துண்டில் துளையும் அரைப் பிக்சல் சுருங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ‘சேவ்’, ‘ரெஸ்டோர்’ இணையும் ‘இவன்ஆட்’ விதியும் முதல், மூன்றாம் சிக்கல்களைத் தீர்த்துவிட்டன. பொருந்திய துண்டுகளை ஒரே பாதையாக்கியதும் பச்சைக் கோடு மறைந்தது. நேரான பக்கத்தை 0.5 நகர்த்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே பச்சை எட்டிப் பார்த்தது.

ஆனால் இன்னும் பொருந்தாத, தனியாக இழுக்கப்படும் துண்டுகளில் வேறொரு குறை எஞ்சியிருக்கிறது. நிழற்படத்தில் ஒளிபுகும் பகுதிகள் இருப்பதால், வெட்டுப்பகுதிக்குள் முதலில் வெள்ளையை நிரப்பி, அதன்மேல் படத்தை வரைகிறேன். துண்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் தெரிகிறது, படத்தின் கருமையான பகுதிகளில் அது கண்ணை உறுத்துகிறது. இங்கே அடுத்த துண்டு என்று ஒன்றும் இல்லையே? தவிர, 100 துண்டுகளையும் அசைவின் ஒவ்வொரு சட்டத்திலும் (ஃபிரேம்) வெட்டி வரைவதால் இழுக்கும்போது அசைவு திக்கித் திக்கி நகர்கிறது. துண்டின்கீழ் நிழல் விழச்செய்யவும் முயன்றேன், நிழல் தோன்றவே இல்லை.

மறுமொழி 3

அடுத்த துண்டு இல்லாவிட்டாலும் கணக்கு அதே கணக்குதான். வெட்டு என்பது ஒவ்வொரு வரைதல் செயலுக்கும் தனித்தனியாகப் பயன்படுத்தப்படுகிறது. பாதி நிரம்பிய விளிம்புப் பிக்சலில் வெள்ளை 50 விழுக்காடு விழுந்தது. அதன்மேல் படம் 50 விழுக்காடு விழுந்தபோது, வெள்ளையில் 25 விழுக்காடு தங்கிவிட்டது. படம் வெள்ளையை முழுமையாக மூடியிருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் மூடியது. வெட்டுப்பகுதிக்குள் ஐந்து அடுக்குகள் வரைந்தால் ஐந்தின் சாயலும் விளிம்பில் சிறிது சிறிதாகத் தங்கும். ஆகவே வெட்டுப்பகுதிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்போகிறீர்கள் என்றால், ‘கிளிப்’ அதற்கு உகந்த கருவியே அன்று. முதலில் வெட்டே இல்லாமல் எல்லாவற்றையும் வரைந்து முடித்து, முழுமையான அந்த ஓவியத்தை இறுதியில் ஒரே ஒருமுறை வெட்ட வேண்டும்.

செய்முறை இது. துண்டைச் சுற்றியுள்ள செவ்வகத்தைவிடப் பக்கத்துக்கு 2 பிக்சல் கூடுதலான மறைதிரைக் கேன்வாஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடுதல் இடம் பாதி நிரம்பிய விளிம்புப் பிக்சல்கள் அறுபடாமல் இருப்பதற்காக. அதில் வெள்ளையை நிரப்புங்கள், படத்தை வரையுங்கள், விருப்பமான அலங்காரம் எல்லாவற்றையும் சேருங்கள். பிறகு ‘குளோபல்காம்போசிட்ஆபரேஷன்’ பண்பை ‘டெஸ்டினேஷன்-இன்’ என்று மாற்றி, துண்டின் பாதையை ஏதாவதொரு அடர்வண்ணத்தால் நிரப்புங்கள். பாதை நிரம்பிய விகிதத்தில் பழைய படம் எஞ்சும், மற்றது அழியும். முடிந்ததும் பண்பை இயல்பான ‘சோர்ஸ்-ஓவர்’ நிலைக்கு மீட்டுவிடுங்கள். இதை முதன்மைக் கேன்வாஸில் செய்துவிடாதீர்கள், ‘டெஸ்டினேஷன்-இன்’ பாதைக்கு வெளியே உள்ள அனைத்தையும், அதாவது ஏற்கெனவே வரைந்த மற்ற 99 துண்டுகளையும் துடைத்துவிடும்.

இப்படிச் செய்த உடனே உங்கள் மற்ற இரண்டு குறைகளும் தாமாகவே தீர்கின்றன. மறைதிரைக் கேன்வாஸில் துண்டு ஒருமுறை உருவாகிவிட்டால், இழுக்கும்போது வெட்டும் வேலை எதுவும் இல்லை, ஆயத்தமான சிறு படத்தை ‘டிராஇமேஜ்’ மூலம் ஒட்டினால் போதும். 200 × 200 பிக்சல் துண்டு ஒன்றுக்குப் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 1,60,000 பைட், 100 துண்டுகளுக்கு ஏறத்தாழ 16 மெகாபைட். இது தாங்கக்கூடிய விலைதான். சாதனத்தின் பிக்சல் விகிதம் (பக்கத்தின் ஒரு பிக்சல் அளவுக்குத் திரையில் ஒரு திசையில் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்பது) 2 ஆக இருந்தால் இது நான்கு மடங்காகும், ஆனால் அந்த விகிதத்தில் மறைதிரையையும் பெரிதாக்காவிட்டால் துண்டு மங்கலாகத் தெரியும். ஒட்டும் இடத்தின் ஆயத்தொலைவை முழு எண்ணாக்குங்கள், பின்ன எண்ணில் ஒட்டினால் துண்டு முழுவதும் மறு இடைக்கணிப்புக்கு உள்ளாகிச் சற்றுக் குழைந்துபோகும்.

நிழல் தோன்றாததற்குக் காரணம், வெட்டுப்பகுதி நிழலையும் வெட்டுகிறது என்பதே. துண்டுக்கு வெளியே விழவேண்டிய நிழல், வெளியே வரைய அனுமதியில்லாத நிலையில் எப்படித் தோன்றும்? ஆயத்தமான துண்டை வெட்டில்லாத முதன்மைக் கேன்வாஸில் ஒட்டும்போது ‘ஷேடோகலர்’, ‘ஷேடோபிளர்’ மதிப்புகளைக் கொடுத்தால், படத்தின் ஒளிபுகுநிலையை ஒட்டி, குமிழ் பள்ளங்களோடு நிழல் விழும். வெளிக்கோடு வரைவதிலும் இதே கண்ணி உண்டு. 4 பிக்சல் கோட்டை வெட்டுப்பகுதிக்குள் வரைந்தால் உட்புறத்து 2 பிக்சல்தான் தெரியும். சிலர் உள்விளிம்புக்கோடு வேண்டும்போது இதை வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள்.

வெள்ளை அடித்தளம் தேவையில்லாமல் ஒரே ஒரு படத்தை மட்டும் வெட்ட வேண்டியிருந்தால் மறைதிரையும் வேண்டாம், ‘கிளிப்’பும் வேண்டாம். ‘கிரியேட்பேட்டர்ன்’ மூலம் படத்தையே ஒரு வண்ணமாக்கி, அந்த வண்ணத்தால் பாதையை ‘ஃபில்’ செய்துவிடுங்கள். மேலே பேசிய அரைப் பிக்சல் விரிவும் இதில் எளிது: அதே வண்ணத்தால் 1 பிக்சல் தடிமனில் ‘ஸ்ட்ரோக்’ செய்தால் வெளிப்புறம் அரைப் பிக்சல் கூடிவிடும்.

மறுமொழி 4

மேசைக்கணினி நிரல்கள் எழுதிப் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்: மேலே விவரித்த சிக்கல் மென்மையான வெட்டு கொண்ட சூழலில் வருவது. மற்ற சூழல்களில் நேர் எதிரான சிக்கலைச் சந்திப்பீர்கள். ஜாவா மொழியின் வரைகலைக் கருவியான ஜாவா 2டி-யில் ஒழுங்கற்ற வடிவத்தை ‘கிளிப்’ செய்தால், ஆன்டி-ஏலியாசிங்கை இயக்கியிருந்தாலும் வெட்டு விளிம்பு பல்லுப்பல்லாகத்தான் வரும். விண்டோஸின் பழைய வரைகலை இடைமுகமான ஜிடிஐ-யின் ‘ரீஜன்’ பொருள்களுக்குப் பிக்சலின் ஒரு பங்கு என்ற கருத்தே கிடையாது, ஒரு பிக்சல் முழுவதும் உள்ளே அல்லது முழுவதும் வெளியே. அதன் வாரிசான ஜிடிஐ பிளஸ்ஸிலும் பாதை வெட்டின் விளிம்பு மழமழப்பாவதில்லை. அங்கெல்லாம் நாங்கள் செய்துவந்ததும் மறுமொழி 3இல் உள்ளதைத்தான்: ஒளிபுகும் இடைப்படத்தில் வடிவத்தை மழமழப்பாக நிரப்பி, வடிவம் உள்ள இடத்தில் மட்டும் படத்தை விழவிடும் ‘சோர்ஸ்-இன்’ அல்லது ‘சோர்ஸ்-அட்டாப்’ விதியால் படத்தை அதன்மேல் இடுவது, இல்லையேல் ஜாவாவில் ‘டெக்ஸ்ச்சர்பெயின்ட்’, ஜிடிஐ பிளஸ்ஸில் ‘டெக்ஸ்ச்சர்பிரஷ்’ கொண்டு படத்தாலேயே வடிவத்தை நிரப்புவது. ஆக, இந்த இரண்டு வழிகளையும் ஒருமுறை கற்றுக்கொண்டால் எந்தச் சூழலுக்கும் எடுத்துச் செல்லலாம்.

ஜாவாவில் இன்னொரு எச்சரிக்கை. அங்கே ‘கிளிப்’ என்ற முறை கேன்வாஸைப் போலவே சுருக்குகிறது, ‘செட்கிளிப்’ என்ற முறையோ பழைய வெட்டுப்பகுதியைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியதை வைக்கிறது. பின்னது வசதியாகத் தோன்றும். ஸ்விங் கூறு (ஜாவா நிரல் சாளரத்தின் பொத்தான் போன்ற ஓர் உறுப்பு) தன் எல்லையைத் தாண்டி வரைந்து, பக்கத்துக் கூறின்மேல் கறையை ஏற்படுத்துவது அதனால்தான். ‘கிரியேட்’ மூலம் வரைபொருளின் நகலை எடுத்து, அதில் வெட்டி வரைந்து, ‘டிஸ்போஸ்’ செய்துவிடுவதே தூய்மையான பழக்கம்.

புதிரை என்றாவது, வரைகலைச் செயலியைக் கொண்டு உலாவியில் வரையும் வெப்ஜிஎல்லுக்கு மாற்றுவீர்களானால், அங்கே ஒழுங்கற்ற வெட்டுக்கென்று தனிக் கட்டளை இல்லை. ‘சிசர்’ சோதனை அச்சுகளுக்கு இணையான செவ்வகத்தை மட்டுமே அறியும். வடிவத்துக்கு, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு குறியெண்ணை வைத்திருக்கும் ஸ்டென்சில் பஃபரைப் பயன்படுத்த வேண்டும்: வண்ணம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏதாவதொரு புள்ளியிலிருந்து வெளிக்கோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முக்கோணம் வீதம் விசிறிபோல் வரைந்து, முக்கோணம் தொடும் பிக்சல்தோறும் ஸ்டென்சில் மதிப்பைத் தலைகீழாக்குங்கள். ஒற்றைப்படை முறை தலைகீழானவை வடிவத்துக்கு உள்ளே, இரட்டைப்படை வெளியே. வடிவம் குழிந்திருந்தாலும், தன்னைத்தானே வெட்டினாலும் விடை சரியாக வரும். பிறகு அந்த மதிப்புள்ள இடங்களில் மட்டும் படத்தை வரையலாம். வெப்ஜிஎல் சூழலை உருவாக்கும்போது ‘ஸ்டென்சில்’ பண்பை ‘ட்ரூ’ என்று கேட்டுப் பெறாவிட்டால் பஃபரே கிடைக்காமல் போகலாம், அந்நிலையில் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் சோதனை எப்போதும் வெற்றிபெறும். படம் வெட்டப்படாமல் முழுதாகத் தெரிகிறதே என்று ஒரு நாள் முழுவதும் முக்கோணங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் சொல்கிறேன்.

மறுமொழி 5

இதுவரை பேசிய அனைத்தும் பிக்சல்களை மறைப்பது பற்றியவை. வரைபட எந்திரத்துக்கோ லேசர் வெட்டுக் கருவிக்கோ இதே துண்டுகளை அனுப்ப நினைத்தால் இவற்றில் எதுவும் உதவாது, ஏனெனில் பேனாவுக்கு முகமூடி கிடையாது. கோடுகளையே உண்மையாக நறுக்கிக் கொடுக்க வேண்டும். ஆகவே அந்தப் பக்கத்தையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

பாடநூல்களில் முதலில் வரும் கோஹன்–சதர்லேண்ட் முறை செவ்வகத்துக்கு மட்டுமே. 1974இல் வெளியான சதர்லேண்ட்–ஹாட்ஜ்மன் முறை வெட்டும் பலகோணம் குவிந்ததாக இருக்க வேண்டும் என்று கோருகிறது, குமிழும் பள்ளமும் கொண்ட ஜிக்சா துண்டு அப்படிப்பட்டது அன்று. இரு பலகோணங்களும் குழிந்தவையாகவும் இருக்கலாம் என்ற நிலைக்கு வைலர்–ஆதர்டன் (1977), வட்டி (1992), கிரைனர்–ஹோர்மன் (1998) முறைகள் உள்ளன. இவற்றை நீங்களே எழுதத் தொடங்காதீர்கள். உச்சி உச்சியின்மேல் விழும்போதும், விளிம்பு விளிம்போடு ஒன்றும்போதும் மிதவைப்புள்ளி எண்கள் செய்யும் குறும்புகளுக்கு முடிவே இல்லை. வட்டி முறையை அடிப்படையாகக் கொண்ட ‘கிளிப்பர்’ நூலகம் முழு எண் ஆயத்தொலைவுகளைக் கொண்டு கணக்கிடுவது இந்தக் குறும்புக்கு அஞ்சியே.

ஒரு வடிவத்துக்குள் இணைகோடுகளால் நிழல்தீட்ட மட்டுமே வேண்டும் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளலாம். வளைவுகளைச் சிறு நேர்க்கோடுகளாக உடையுங்கள். நிழல்தீட்டும் கோடு கிடைமட்டமாக அமையும்படி வடிவத்தைச் சுழற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கோடு வெளிக்கோட்டைச் சந்திக்கும் இடங்களைக் கோட்டின் நீளத்தின் விகிதங்களாகக் குறித்து, ஏறுவரிசைப்படுத்தி, இரண்டிரண்டாகச் சேருங்கள். 0.2, 0.45, 0.6, 0.9 என்று நான்கு சந்திப்புகள் வந்தால் 0.2 முதல் 0.45 வரையும் 0.6 முதல் 0.9 வரையும் வரைய வேண்டியவை. கோடு ஓர் உச்சியின் வழியே சென்றால் அந்த உச்சி இரு பக்கங்களுக்கும் பொதுவானது என்பதால் இருமுறை எண்ணப்பட்டு, இணைகள் குலைந்து, உள்ளே வெறுமையும் வெளியே கோடுமாகத் தலைகீழாகிவிடும். ஒவ்வொரு பக்கத்தின் கீழ்முனையைச் சேர்த்துக்கொண்டு மேல்முனையை விட்டுவிடுவது, கிடைமட்டமான பக்கங்களை அறவே ஒதுக்குவது என்ற ஒரே விதியை எல்லாப் பக்கங்களுக்கும் மாறாமல் கடைப்பிடித்தால் இந்தக் குளறுபடி நேராது.

கேள்வி கேட்டவர்

‘டெஸ்டினேஷன்-இன்’ முறையில் 100 துண்டுகளையும் தொடக்கத்திலேயே ஆயத்தம் செய்துவிட்டேன். வெள்ளை வளையம் போய்விட்டது, இழுப்பதில் தடங்கல் இல்லை, நிழலும் குமிழைச் சுற்றி அழகாக விழுகிறது. பொருந்திய துண்டுகளுக்கு மட்டும் ஒரே பாதையாக்கும் வழியை வைத்துக்கொண்டேன். வெப்ஜிஎல் பக்கம் இப்போதைக்குப் போகவில்லை.

கடைசியாக ஓர் ஐயம். எந்தத் துண்டு சொடுக்கப்பட்டது என்பதை அறிய ‘ஈஸ்பாயின்ட்இன்பாத்’ பயன்படுத்துகிறேன். மேசைக்கணினியில் சரியாக இருக்கிறது, கைப்பேசியில் மட்டும் தொட்ட துண்டுக்குப் பதிலாக வேறொரு துண்டு நகர்கிறது.

மறுமொழி 3

கைப்பேசித் திரையின் பிக்சல் விகிதம் 2 அல்லது 3 ஆக இருக்கும். ‘ஈஸ்பாயின்ட்இன்பாத்’ நீங்கள் கொடுக்கும் பாதையை நடப்பு உருமாற்றத்தின்படி எடுத்துக்கொள்ளும், ஆனால் புள்ளியைக் கேன்வாஸின் சொந்தப் பிக்சல்களில் இருப்பதாகவே கருதும். தொடு நிகழ்வு தருவதோ சிஎஸ்எஸ் பிக்சல்கள், அதாவது இணையப் பக்கத்தின் அமைப்பை அளக்கும் பிக்சல்கள். கேன்வாஸின் இடது மேல் மூலையைக் கழித்தபின் அந்த விகிதத்தால் பெருக்கிக் கொடுங்கள். சோதனையின்போது அந்தத் துண்டுக்குரிய நகர்த்தல் நடப்பில் இருக்க வேண்டும். கடைசியாக வரையப்பட்ட துண்டிலிருந்து பின்னோக்கித் தேடி, முதலில் கிடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையேல் மேலே கிடக்கும் துண்டைத் தொட்டால் அடியில் உள்ளது எழுந்து வரும்.